'டீப் இன்' எப்போது, 'டீப்லி இன்' எப்போது? ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல்லுக்கு முன் வரும் அடைகள்

கேள்வி இது: 'டீப் இன் த ஃபாரஸ்ட்' என்று எழுதுகிறார்கள், 'டீப்லி இன் லவ்' என்றும் எழுதுகிறார்கள். 'ரைட் ஆஃப்டர் லஞ்ச்' சரி, 'வெரி ஆஃப்டர் லஞ்ச்' தவறு. இன், ஆஃப்டர், அபவ் போன்ற முன்னிடைச்சொற்களுக்கு, அதாவது பிரிபொசிஷன்களுக்கு, முன்னால் எங்கே பெயரடை போலத் தோன்றும் சொல் வரும், எங்கே '-லி' சேர்ந்த வினையடை வரும்? இரண்டு மூன்று அடைகள் சேர்ந்தால் எதை முதலில் வைப்பது?

முன்னால் நிற்கும் சொல் பெயரடையா வினையடையா என்று மண்டையை உடைத்துக்கொள்வதால் பெரிய பயன் இல்லை. பின்னால் வரும் தொடர் எதைச் சொல்கிறது என்று பார்த்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அது ஓர் இடத்தைச் சுட்டுகிறதா, போகும் பாதையையா, ஆழம் உயரத்தையா, கால இடைவெளியையா, ஒருவரின் நிலையையா, காரணத்தையா? ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலம் தனித்தனி அடைகளை வைத்திருக்கிறது. தமிழில் 'ரொம்ப' ஒன்றே போதும்: ரொம்ப மேலே, ரொம்ப முன்னாடி, ரொம்பக் கடன்ல இருக்கார், ரொம்ப எதிர்ப்பா இருக்கார். இதே நான்கும் ஆங்கிலத்தில் 'ஹை அபவ்', 'லாங் பிஃபோர்', 'ஹெவிலி இன் டெட்', 'ஸ்ட்ராங்லி அகேன்ஸ்ட்' என்று பிரிந்துவிடும். 'ரொம்ப' என்றால் 'வெரி' என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த நான்கிலும் இடறுவார்கள்.

முதலில் சொல் நிற்கும் இடம். தமிழில் 'வீட்டுக்கு நேர் எதிரே' என்கிறோம். பெயர் முதலில், அடுத்து அடை, கடைசியில் சொல்லுருபு. ஆங்கிலத்தில் 'டைரக்ட்லி ஆப்பசிட் த ஹவுஸ்'. வீடு கடைசிக்குப் போய்விட்டது, ஆனால் 'நேர்' என்பதும் 'எதிரே' என்பதும் இரண்டு மொழியிலும் அதே வரிசையில் ஒட்டியே நிற்கின்றன. இதைக் கவனித்துவிட்டால் 'ஆப்பசிட் டைரக்ட்லி த ஹவுஸ்', 'ஆஃப்டர் இம்மீடியட்லி லஞ்ச்' போன்ற பிழைகள் வராது. முன்னிடைச்சொல்லுக்கான அடை அதன் முன்னால்தான் நிற்கும், அதற்கும் பெயருக்கும் நடுவே நுழையாது. நடுவே ஒரு வினையடையைக் கண்டால், அது பெயர்த்தொடருக்கு உள்ளே இருக்கும் வேறொரு சொல்லைத் தழுவுகிறது என்று பொருள். 'இன் அ வெரி ஸ்மால் ரூம்' என்பதில் 'வெரி' அறையின் சிறுமைக்கு உரியது. 'ஆஃப்டர் எக்ஸாக்ட்லி டென் மினிட்ஸ்' என்பதில் 'எக்ஸாக்ட்லி' பத்துக்கு உரியது. 'இன் ஆல்மோஸ்ட் எவ்ரி ரூம்' என்பதும் அப்படியே.

இனி 'ரைட்'. இந்தத் தலைப்பில் இதைவிட முக்கியமான சொல் இல்லை. அகராதியில் முதல் பொருள் 'சரியான' என்ற பெயரடை. முன்னிடைச்சொல்லுக்கு முன் வரும்போது அது வினையடை, பொருளும் வேறு: இடைவெளியே இல்லாமல், மிகச்சரியாக அந்த இடத்தில், கடைசி எல்லை வரை. 'ரைட் பிஹைண்ட் த டோர்' என்றால் கதவுக்குப் பின்னாலேயே. 'ரைட் ஆஃப்டர் லஞ்ச்' என்றால் சாப்பிட்ட கையோடு. 'ரைட் த்ரூ த வால்' என்றால் சுவரைத் துளைத்து மறுபுறம் வரை. 'ரைட் ஃப்ரம் த ஸ்டார்ட்' என்றால் தொடக்கத்திலிருந்தே. தமிழில் இந்த வேலையைப் பெரும்பாலும் ஏகாரம் பார்த்துக்கொள்கிறது: பின்னாலேயே, முடிந்ததுமே, தொடக்கத்திலிருந்தே. ஏகாரத்தை அழுத்திச் சொல்லத் தோன்றும் இடத்தில் 'ரைட்' போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும். ஆனால் வினையடைதானே என்று '-லி' சேர்த்துவிடக் கூடாது. 'ரைட்லி' என்றால் நியாயமாக, முறையாக என்று பொருள் மாறிவிடும்.

இலக்கண அறிஞர்கள் இந்தச் சொல்லை ஒரு சோதனைக் கருவியாகவே பயன்படுத்துகிறார்கள். ரோட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் 2002இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணத்தில், ஒரு சொல் முன்னிடைச்சொல்லா என்று காண 'ரைட்', 'ஸ்ட்ரெய்ட்' இரண்டும் அதன் முன் நிற்குமா என்று பார்க்கிறார்கள். இன்றைய பொது ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் 'ரைட்' சாதாரணப் பெயரடைக்கு முன் வருவதில்லை. 'ரைட் குட்' என்பது வட்டார வழக்கு, 'ரைட் ஆனரபிள்' என்பது பட்டத்தில் தங்கிவிட்ட பழைய வழக்கு. அந்தக் கணக்கில் 'ரைட் ஹியர்', 'ரைட் நவ்' என்பவற்றில் உள்ள 'ஹியர்', 'நவ்' இரண்டையும்கூட, பெயர் தொடராத முன்னிடைச்சொற்களாகவே அவர்கள் வகைப்படுத்துகிறார்கள். பள்ளி இலக்கணம் இவற்றை வினையடை என்கிறது. எழுதுபவருக்கு இரண்டும் ஒன்றுதான். 'ரைட்' எங்கே நிற்கும் என்று தெரிந்தால் போதும்.

எங்கே நிற்காது? தொடுவதற்கு ஒரு புள்ளியோ எட்டுவதற்கு ஒரு முடிவோ இல்லாத தொடர்களில். 'ரைட் டெஸ்பைட் த ரெய்ன்' வராது, ஏனென்றால் 'மழை பெய்தும்கூட' என்பதில் புள்ளி ஏதும் இல்லை. 'ரைட் ஃபார் டூ அவர்ஸ்' வராது, அது நீளும் காலம். 'சின்ஸ்' என்பதற்கு முன் பொது ஆங்கிலத்தில் 'எவர்' என்பதே வழக்கம்: 'எவர் சின்ஸ் சைல்ட்ஹுட்'. 'ரைட்' வேண்டுமென்றால் 'ரைட் ஃப்ரம் சைல்ட்ஹுட்' என்று மாற்றிக்கொள்ளலாம்.

'ஸ்ட்ரெய்ட்' இதன் உடன்பிறப்பு, ஆனால் அதற்குப் பாதை வேண்டும். திரும்பாமல், நிற்காமல், வேறு வேலை பார்க்காமல் என்பது அதன் பொருள். 'ஸ்ட்ரெய்ட் டு த ஸ்டேஷன்', 'ஸ்ட்ரெய்ட் இன்டு த வால்', 'ஸ்ட்ரெய்ட் அவுட் ஆஃப் த பாக்ஸ்' எல்லாம் சரி. அசையாமல் கிடக்கும் பொருளுக்கு ஒட்டாது. மேசைக்கு அடியில் பை கிடந்தால் 'ரைட் அண்டர் த டேபிள்' என்க வேண்டும், 'ஸ்ட்ரெய்ட் அண்டர்' என்றால் இடறும். ஆனால் 'த ஷாப் இஸ் ஸ்ட்ரெய்ட் அக்ராஸ் த ரோட்' என்பது சரி. கடை நகரவில்லை என்றாலும் பார்ப்பவர் பார்வை சாலையைக் கடந்து போகிறது, அந்தப் பாதையே 'ஸ்ட்ரெய்ட்'டுக்குப் போதும். இதற்கும் '-லி' வடிவம் வழக்கில் இல்லை. 'க்ளீன் த்ரூ' (முழுக்க ஊடுருவி), 'டெட் அகேன்ஸ்ட்' (முற்றிலும் எதிராக), 'ஸ்மாக் இன் த மிடில்' (நட்டநடுவில்), 'ஆல் ஓவர் த ஃப்ளோர்' (தரை முழுக்க) போன்றவை அதே குடும்பம். பெரும்பாலும் பேச்சு நடையைச் சேர்ந்தவை. சோடியாகவே பழகிக்கொள்ளலாம்.

'டீப்', 'டீப்லி' என்ற தொடக்கக் கேள்விக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் பெயரடையின் கடைசியில் ஓர் எகர ஒலியைச் சேர்த்தால் வினையடை ஆகிவிடும். '-லி'யின் முன்னோடியான இன்னொரு விகுதியும் கூடவே வழக்கில் இருந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் அந்தக் கடைசி எகரம் தேய்ந்து மறைந்தது. அதனால் 'டீப்', 'ஹை', 'லாங்' போன்ற பழைய வினையடைகள் பெயரடை மாதிரியே தோற்றம் தருகின்றன. 'டீப் இன் த ஃபாரஸ்ட்' என்பதில் இருப்பது பெயரடையின் தவறான பயன்பாடு அல்ல, அது முழு உரிமையுள்ள பழைய வினையடை. '-லி' இல்லை என்று திருத்தினால்தான் தவறாகும்.

இரண்டு வடிவங்களும் இன்று வேலையைப் பிரித்துக்கொண்டன. அளக்கக்கூடிய தூரம், ஆழம், உயரம் என்றால் வெறும் வடிவம். அழுத்தம், தீவிரம், உணர்ச்சி என்றால் '-லி' வடிவம். 'டீப் அண்டர் த சீ', 'டீப் இன்டு த நைட்' இரண்டும் அளவு. இரவையும் உள்ளே இறங்கிப் போகும் இடமாகவே ஆங்கிலம் பார்க்கிறது. 'டீப்லி இன் லவ்' என்பது தீவிரம். 'டீப் இன் தாட்', 'டீப் இன் கான்வர்சேஷன்' இரண்டும் விதியை மீறுவதுபோலத் தெரியும். சிந்தனைக்குள், பேச்சுக்குள் ஒருவர் மூழ்கிக் கிடக்கிறார் என்பதே அங்கே படிமம், ஆகவே இடத்தின் வடிவம் வந்துவிட்டது. கடனுக்கு 'டீப் இன் டெட்', 'டீப்லி இன் டெட்' இரண்டுமே வழங்குகின்றன. மூழ்கியதாகவும் பார்க்கலாம், கடுமையாகவும் பார்க்கலாம் அல்லவா?

'ஹை' இன்னும் கறாரானது. 'ஹை அபவ் த க்ளௌட்ஸ்' மட்டுமே உண்டு, 'ஹைலி அபவ்' என்பதே கிடையாது. 'ஹைலி' பெரும்பாலும் பெயரடையைத்தான் தேடிப் போகும்: 'ஹைலி க்ரிட்டிகல் ஆஃப் த ப்ளான்'. 'லேட் இன் த ஈவினிங்' என்றால் மாலை சாய்ந்த நேரத்தில். 'லேட்லி' என்றால் சமீபகாலமாக. 'க்ளோஸ் பிஹைண்ட் ஹிம்' என்றால் அவரை ஒட்டிப் பின்னால். 'க்ளோஸ்லி' என்றால் நெருங்கிய தொடர்போடு அல்லது கூர்ந்து: 'க்ளோஸ்லி ரிலேட்டட் டு'. 'டைரக்ட்' இரண்டாகப் பிரிகிறது. வண்டி மாறாமல் போவதை 'டைரக்ட் டு' என்று சொல்லலாம். நேர் எதிரே, நேர் மேலே என்பதற்கு 'டைரக்ட்லி ஆப்பசிட்', 'டைரக்ட்லி அபவ்' மட்டுமே.

காலத்தில் ஒரு கோணல் இருக்கிறது, அதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. நெடுநேரம் கழித்து என்பதற்கு 'லாங் ஆஃப்டர்', இங்கே '-லி' இல்லை. சற்று நேரம் கழித்து என்பதற்கு 'ஷார்ட்லி ஆஃப்டர்', இங்கே '-லி' கட்டாயம். 'ஷார்ட் ஆஃப்டர்' என்று ஒன்று இல்லை. 'சூன் ஆஃப்டர்' உண்டு. ஆனால் 'சூன் பிஃபோர்' இயல்பான வழக்கு அல்ல. சற்று முன் என்றால் 'ஷார்ட்லி பிஃபோர்' என்றே எழுதுங்கள். 'சூன்' நிகழ்வுக்குப் பிறகான காலத்தை எதிர்நோக்கிப் பார்க்கும் சொல், அதைப் பின்னோக்கித் திருப்ப முடிவதில்லை.

'வெரி'யின் கதை இது. அது ஏற்ற இறக்கம் உள்ள சொல்லைத்தான் தூக்கிவிடும். 'ஆஃப்டர்', 'இன்', 'அட்' போன்றவற்றுக்கு ஏற்ற இறக்கம் இல்லை. ஒன்று மற்றொன்றுக்குப் பிறகு நடந்தது அல்லது நடக்கவில்லை, அவ்வளவுதான். அதனால் 'வெரி ஆஃப்டர்', 'வெரி பிலோ', 'வெரி இன் ஃபேவர்' எதுவும் நிற்காது. ஆனால் முன்னால் 'ஷார்ட்லி', 'டீப்', 'லேட்' போன்ற ஏற்ற இறக்கமுள்ள அடை இருந்தால் 'வெரி' அதன்மேல் ஏறிக்கொள்ளும்: 'வெரி ஷார்ட்லி ஆஃப்டர் த மீட்டிங்', 'வெரி டீப் இன் த ஃபாரஸ்ட்', 'வெரி லேட் இன் த டே'. 'ரைட்', 'ஸ்ட்ரெய்ட்' இரண்டின் மேலும் ஏறாது. அவை ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் சொற்கள். இடைவெளி பூஜ்யம் என்று சொன்னபின் 'மிகவும் பூஜ்யம்' என்று சொல்ல முடியுமா?

நிலையைச் சொல்லும் தொடர்களுக்கு 'வெரி மச்' கைகொடுக்கும்: 'வெரி மச் இன் லவ்', 'வெரி மச் அகேன்ஸ்ட் த ப்ளான்', 'வெரி மச் லைக் ஹிஸ் ஃபாதர்'. 'மச் டு மை சர்ப்ரைஸ்' என்ற தொடரில் 'மச்' தனியாகவே வரும், அதற்குப் பதில் 'வெரி' மட்டும் வைத்தால் நொண்டும். 'வெரி' நேரடியாக வரும் இடங்களும் உண்டு. 'நியர்', 'க்ளோஸ் டு' இரண்டும் 'நியரர்', 'க்ளோசர்' என்று ஒப்பீட்டு வடிவம் எடுப்பவை, அதனால் 'வெரி நியர் த டோர்' பிழையற்றது. 'அவுட் ஆஃப் டேட்', 'டவுன் டு எர்த்' போன்றவை தோற்றத்தில் முன்னிடைத் தொடர், நடத்தையில் பெயரடை. அவற்றின் முன் 'வெரி' தாராளமாக நிற்கும். ஐயம் வந்தால் முன்னால் 'மோர்' வைத்துப் பாருங்கள். 'மோர் அவுட் ஆஃப் டேட்' என்று சொல்ல முடிகிறது, 'மோர் ஆஃப்டர் லஞ்ச்' என்று சொல்ல முடியவில்லை.

'வெரி' நுழைய முடியாத இடங்களில் அதிகம் உழைப்பது 'வெல்'. பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை, அது பெரிய இழப்பு. இதற்கு ஓர் எல்லைக்கோடும், அந்தக் கோட்டிலிருந்து கணிசமான தூரமும் வேண்டும். 'வெல் பிஃபோர் டான்' என்றால் விடிவதற்கு நெடுநேரம் முன்பே. 'வெல் ஓவர் எ ஹண்ட்ரட்' என்றால் நூறைத் தாண்டிக் கணிசமாக. 'வெல் வித்தின் த லிமிட்' என்றால் வரம்புக்கு நன்றாக உள்ளே. 'வெல் பாஸ்ட் மிட்நைட்', 'வெல் பிலோ ஃப்ரீசிங்' எல்லாம் இவ்வகை. எல்லைக்கோடு இல்லாத 'வெல் ஆன் த டேபிள்', 'வெல் அட் த ஸ்டேஷன்' நிற்காது. ஒரே 'அண்டர்' என்ற சொல்லிலேயே வேறுபாட்டைப் பார்க்கலாம். வரம்புக்குக் கீழே என்னும்போது 'வெல் அண்டர் த லிமிட்' வரும். மேசைக்கு அடியில் என்னும்போது 'வெல் அண்டர் த டேபிள்' பொருந்தாது. முன்னதில் அளவுகோல் இருக்கிறது, பின்னதில் வெறும் இடம். 'ஃபார்' இதற்கு நெருங்கியது, இன்னும் பெரிய தூரம்: 'ஃபார் அபவ்', 'ஃபார் பியாண்ட்'. 'ஃபார் ஃப்ரம் ஈசி' என்பதில் தூரம் மறுப்பாகவே மாறிவிடுகிறது, எளிது அல்லவே அல்ல என்று பொருள். 'வே அபவ்', 'வே ஓவர்' பேச்சுக்கு மட்டும். தேர்விலும் அலுவல் கடிதத்திலும் வேண்டாம்.

'ஜஸ்ட்' இரண்டு முகம் கொண்டது, இதில் கவனம் தேவை. ஆஃப்டர், பிஃபோர், ஓவர், அண்டர், அபவ், பிலோ, அவுட்சைட் போன்று இடைவெளிக்கு இடம்தரும் சொற்களுக்கு முன் 'சற்று' என்று பொருள்: 'ஜஸ்ட் ஆஃப்டர் டென்' என்றால் பத்து மணி தாண்டிச் சற்று நேரத்தில். 'ஜஸ்ட் அண்டர் எ ஹண்ட்ரட்' என்றால் 97, 98 மாதிரி. ஃபார், வித் போன்றவற்றுக்கு முன் 'மட்டும்' என்று பொருள் தரும்: 'ஜஸ்ட் ஃபார் யூ'. அதனால் 'சரியாகப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது' என்று நினைத்து 'ஜஸ்ட் இன் த பாக்ஸ்' என்று எழுதினால், படிப்பவர் 'பெட்டிக்குள் மட்டும்' என்று எடுத்துக்கொள்வார். அங்கே 'ரைட் இன் த பாக்ஸ்' தேவை. 'ஜஸ்ட் பிஃபோர்', 'ரைட் பிஃபோர்' இரண்டையும் ஆங்கிலேயர் பேச்சில் ஒன்றாகவே புழங்குவார்கள். நுணுக்கமாகப் பார்த்தால் முன்னதில் சிறு இடைவெளி உண்டு, பின்னதில் அதுவும் இல்லை. எண்ணுக்கு முன் வந்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்: 'ஜஸ்ட் அண்டர் எ ஹண்ட்ரட்' இயல்பு, 'ரைட் அண்டர் எ ஹண்ட்ரட்' காதில் உறுத்தும்.

அடையாக அளவுத்தொடரும் வரலாம்: 'டென் மினிட்ஸ் பிஃபோர் த பெல்', 'டூ மீட்டர்ஸ் அபவ் த டோர்', 'ஹாஃப் ஆன் அவர் இன்டு த மீட்டிங்', 'எ லிட்டில் ஆஃப்டர் டான்'. இங்கேயும் தமிழ் வரிசை நமக்குத் துணை. 'மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்' என்பதில் 'பத்து நிமிடம்', 'முன்' இரண்டும் ஒட்டி, அதே வரிசையில் நிற்கின்றன. 'பிஃபோர் டென் மினிட்ஸ் த பெல்' என்று அளவை நடுவில் நுழைப்பது மிகப் பரவலான பிழை. 'பத்து நிமிடத்துக்கு முன்னால் வந்தார்' என்று இப்போதிலிருந்து பின்னோக்கிச் சொல்லும்போது 'பிஃபோர்' வேண்டாம், 'டென் மினிட்ஸ் அகோ' என்க வேண்டும்.

பல அடைகள் சேரும்போது வரிசை எப்படி என்பதை ஒரே வாக்கியத்தில் பிரித்துப் பார்க்கலாம். விளக்கு மேசையின் நடுப்பகுதிக்கு நேர் மேலே, சுமார் இரண்டடி உயரத்தில் மட்டுமே தொங்குகிறது: 'த லாம்ப் ஹாங்ஸ் ஒன்லி அபவுட் டூ ஃபீட் டைரக்ட்லி அபவ் த மிடில் ஆஃப் த டேபிள்'. 'அபவ்' என்ற சொல்லிலிருந்து இடப்பக்கமாக நடந்து வாருங்கள். அதை ஒட்டித் திசை சொல்லும் 'டைரக்ட்லி'. அதற்கு முன் தூரம் சொல்லும் 'டூ ஃபீட்'. அந்தத் தூரத்தின் துல்லியத்தைத் தளர்த்தும் 'அபவுட்' அதற்கும் முன்னால். எல்லாவற்றையும் சேர்த்து 'இவ்வளவுதான்' என்று மதிப்பிடும் 'ஒன்லி' தலைமாட்டில். உள்ளேயிருந்து வெளியே: திசை, தூரம், துல்லியம், மதிப்பீடு. 'அபவுட் ஒன்லி', 'டைரக்ட்லி டூ ஃபீட் அபவ்' என்று இடம் மாற்றினால் வாக்கியம் நெருடும். 'ஒன்லி'யைக் கழற்றினால் உயரம் குறைவு என்ற தொனி போகும். 'டைரக்ட்லி'யைக் கழற்றினால் நேர்மேல் என்ற உறுதி தளரும். 'டூ ஃபீட்'டை நீக்கினால் 'அபவுட்' தொங்கலில் நிற்கும், ஏனென்றால் அது எண்ணைப் பிடித்து நிற்பது.

இதே வாக்கியத்தில் 'டைரக்ட்லி' இருக்கும் இடத்தில் 'ரைட்' வைத்துப் பாருங்கள், நிற்காது. 'ரைட் டூ ஃபீட் அபவ்' என்றும் வராது. 'ரைட்' இடைவெளி இல்லை என்கிறது, 'டூ ஃபீட்' இடைவெளி இருக்கிறது என்கிறது, இரண்டும் ஒரே தொடரில் வாழ முடியாது. 'டைரக்ட்லி' திசையை மட்டும் சொல்வதால் எந்தத் தூரத்தோடும் இணங்கிப் போகிறது. 'சரியாக இரண்டடி மேலே' என்று சொல்ல வேண்டுமானால் 'எக்ஸாக்ட்லி டூ ஃபீட் அபவ்'.

அப், டவுன், பேக், அவுட், ஓவர் போன்ற சிறு சொற்கள் அடைக்கும் முன்னிடைச்சொல்லுக்கும் நடுவே உட்காரும்: 'ரைட் அப் டு த எட்ஜ்', 'ஹை அப் ஆன் த வால்', 'ஸ்ட்ரெய்ட் பேக் இன்டு த ஹவுஸ்'. அடை அந்தச் சிறு சொல்லுக்கும் முன்னால்தான். 'அப் ரைட் டு த எட்ஜ்' என்று எழுதினாலும் ஆங்கிலம் ஏற்றுக்கொள்ளும், ஆனால் அழுத்தம் 'டு' என்பதன் மேல் மட்டும் விழும், 'மேலே' என்பது தனித்துப்போகும்.

நிலையைச் சொல்லும் தொடர்களில் '-லி' வடிவம்தான் ஆட்சி: 'பேட்லி இன் நீட் ஆஃப் ரிப்பேர்', 'ஃபர்ம்லி அண்டர் கன்ட்ரோல்', 'கம்ப்ளீட்லி அவுட் ஆஃப் ஆர்டர்', 'மேட்லி இன் லவ்', 'ஸ்ட்ராங்லி அகேன்ஸ்ட்'. காரணம் எளிது. இவை முன்னிடைத் தொடர் போலத் தோன்றினாலும் பெயரடையின் வேலையைச் செய்கின்றன. 'அவுட் ஆஃப் ஆர்டர்' இருந்த இடத்தில் 'ப்ரோக்கன்' வைத்தாலும் வாக்கியம் நிற்கிறது. அப்படிப் பெயரடை பொருந்தும் தொடர் என்றால், அதன் முன் '-லி' அடைதான் பெரும்பாலும் வரும். எந்தத் தொடருக்கு எந்த அடை என்பது மட்டும் வழக்கைச் சார்ந்தது. தேவைக்கு 'பேட்லி', கட்டுப்பாட்டுக்கு 'ஃபர்ம்லி', கடனுக்கு 'ஹெவிலி' என்று அவை சோடி சேர்ந்துவிட்டன. 'ஸ்ட்ராங்லி இன் நீட்' என்று மொழிபெயர்த்தால் இலக்கணம் உடையாது, ஆனால் ஆங்கிலம் போலவே இருக்காது. இந்த இடத்தில் விதியைவிடச் சோடிகளைக் கற்பதே நல்லது.

காரணத்தைச் சொல்லும் தொடர்களுக்குப் பெரும்பாலும் பங்கு பிரிக்கும் அல்லது காரணத்தைக் குறிப்பாகச் சுட்டும் அடைகளே வரும்: 'பார்ட்லி பிகாஸ் ஆஃப்', 'மெய்ன்லி ட்யூ டு', 'லார்ஜ்லி', 'சிம்ப்லி', 'ப்ரிசைஸ்லி'. 'வெரி', 'வெல்', 'ரைட்' எதுவும் இங்கே ஒட்டாது.

பெயரடைக்குப் பின் முன்னிடைத் தொடர் வருவது தனி அமைப்பு: 'ஃபாண்ட் ஆஃப் மியூசிக்', 'குட் அட் மேத்ஸ்', 'டிஃபரண்ட் ஃப்ரம் மைன்'. இங்கே முன்னால் வரும் வினையடை பெயரடையைத்தான் தழுவுகிறது, அதனால் 'வெரி ஃபாண்ட் ஆஃப்', 'ஃபுல்லி அவேர் ஆஃப்', 'ஸ்லைட்லி டிஃபரண்ட் ஃப்ரம்' என்று வழக்கமான விதிப்படி நடக்கும். 'எனஃப்' மட்டும் பின்னால் வரும்: 'குட் எனஃப் அட்', 'ஃபார் எனஃப் இன்டு த ஃபாரஸ்ட்'. தமிழ் பேசுபவர்கள் தவறுவது இந்தக் கூட்டத்தைப் பெயருக்கு முன்னால் வைக்கும்போது. 'இசையில் மிகுந்த பிரியமுள்ள மனிதர்' என்று தமிழில் எவ்வளவு நீளத்தையும் பெயருக்கு முன் அடுக்கலாம். ஆங்கிலத்தில் 'எ வெரி ஃபாண்ட் ஆஃப் மியூசிக் மேன்' என்று அடுக்க முடியாது. முன்னிடைத் தொடர் வால்போல ஒட்டிக்கொண்ட பெயரடை பெயருக்குப் பின்னால்தான் போகும்: 'எ மேன் வெரி ஃபாண்ட் ஆஃப் மியூசிக்'. விதிவிலக்கு, வழக்கில் இறுகிப்போன தொடர்கள். 'அவுட் ஆஃப் டேட்' என்பதைச் சிறு கோடுகளால் இணைத்து 'மேப்' போன்ற பெயருக்கு முன் வைக்கலாம். அதற்கும் முன் 'கம்ப்ளீட்லி' சேர்த்தால் அதற்குக் கோடு வேண்டாம், இணைப்புக் கோடுகள் தொடருக்கு உள்ளே மட்டும்.

கடைசியாக, முன்னால் நிற்கும் சொல் முன்னிடைத் தொடருக்கு உரியதா, வினைக்கு உரியதா என்று தெரியாதபோது என்ன செய்வது? தொடரை வாக்கியத்தின் தொடக்கத்துக்கு இழுத்துப் பாருங்கள். 'டீப் இன் த ஃபாரஸ்ட் ஸ்டுட் எ ஹவுஸ்' என்று 'டீப்' தொடரோடு சேர்ந்தே வருகிறது, அது தொடரின் சொத்து. 'ஷி வாக்ட் ஸ்லோலி இன்டு த ரூம்' என்பதில் 'ஸ்லோலி'யை 'வாக்ட்' என்பதற்கு முன்னாலேயே வைத்துவிடலாம்: 'ஷி ஸ்லோலி வாக்ட் இன்டு த ரூம்'. ஆகவே அது வினையின் சொத்து. 'ஷி வாக்ட் ஸ்ட்ரெய்ட் இன்டு த ரூம்' என்பதில் 'ஸ்ட்ரெய்ட்'டை அப்படிப் பிரித்து முன்னால் நகர்த்த முடியாது.

இரண்டு வாசிப்புக்கும் இடம்தரும் வாக்கியங்களும் உண்டு. வழி சொல்லும்போது 'டர்ன் ரைட் அட் த கேட்' என்று எழுதினால், கேட்டருகே வலப்புறம் திரும்பு என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். கேட் இருக்கும் அதே இடத்தில் திரும்பு என்பதுதான் நீங்கள் சொல்ல வந்தது என்றால் 'ரைட்'டை விட்டுவிட்டு 'டர்ன் எக்ஸாக்ட்லி அட் த கேட்' என்று எழுதி, எந்தப் பக்கம் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள்.